தொட்டால் ஒலிக்கும் துணிச்சித்திரம்: சாயத்தொட்டியிலிருந்து சுவர் வரை

தொட்டால் ஒலிக்கும் துணிச்சித்திரம் செய்ய விரும்புகிறவர்களில் பலர் முதலில் மின்னணுப் பலகையை வாங்குகிறார்கள், பிறகு நிரலை எழுதுகிறார்கள், துணியைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். வடசென்னையில் இந்த வரிசை உதவாது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றிலேயே உப்பும் ஈரமும் இருக்கின்றன. சாயமேற்றிய பிறகு சரியாக அலசப்படாத துணியோ தனக்குள் தங்கிய உப்பைக் கொண்டு அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட துணியில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும், மழைக்காலம் வந்தவுடன் யாரும் தொடாதபோதே சித்திரம் ஒலிக்கும், தொடும்போது மௌனமாக இருக்கும். நிரலில் குறை தேடி நாட்களைச் செலவிடுவதைவிட அலசும் வாளியின் அருகே ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்பது மேல் என்பதால், இந்த வழிகாட்டி துணியிலிருந்தே தொடங்குகிறது.

இங்கே செய்யப்போவது ஏறத்தாழ இரண்டடி அகலமும் ஒன்றரையடி உயரமும் கொண்ட ஒரு சுவர்ச்சித்திரம். அவுரி நீலத் தரையின் (பின்னணித் துணியின்) மேல் நான்கு உருவங்கள் அமையும்: ஒரு விசைப்படகு, ஒரு வஞ்சிரம் மீன், ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்வரிசை, ஓர் அடிபம்பு. ஒவ்வொன்றையும் தொட்டால் அதற்குரிய ஒலி எழும். உருவங்களை உங்கள் தெருவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதல் முயற்சியில் நான்குக்கு மேல் போக வேண்டாம்.

வேலை செய்யும் முறை எளியது. மின்கடத்தும் நூலால் தைத்த ஒரு பரப்புக்கு இயல்பாகவே ஒரு சிறிய மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், உண்டு. விரல் அருகே வந்தால் அது சில பிக்கோஃபாரட் அளவுக்குக் கூடுகிறது; பலகை அந்த மாற்றத்தை ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. விரல் உலோகத்தின் மேல் நேராகப் பட வேண்டியதில்லை, நடுவே ஒரு பருத்தித் துணி இருந்தாலும் மாற்றம் தெரியும். இந்த ஒரு வசதியே நம் வடிவமைப்பின் அடிப்படை: எஃகு நூலைக் கீழே மறைத்துவிட்டு, மேலே சாயத்துணியையும் வண்ண நூலையும் மட்டும் காட்டலாம்.

துணியும் சாயமும்

வெளுக்காத காடாத் துணியே ஏற்றது. கோடவுன் தெருவிலும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் பருத்தித் துணி தாராளமாகக் கிடைக்கும். நூறு சதவீதம் பருத்திதானா என்பதை ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான உருண்டையாகும். கடுக்காய், மஞ்சிட்டி, மாதுளை ஓடு, படிகாரம், அன்னபேதி (இரும்பு உப்பு) ஆகியவற்றை ராசப்ப செட்டி தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்கலாம். பலகை, ஒலிக்கருவி, மல்டிமீட்டர் ஆகியவற்றுக்கு ரிச்சி தெரு. துருப்பிடிக்காத எஃகு நூலை மட்டும் பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

காடாத் துணியில் பாவுக்கஞ்சி இருக்கும். அதை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் கலந்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, அலசிவிட வேண்டும். தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்குவதைப் பார்த்தால் இந்த வேலையின் அவசியம் புரியும். துளி நீரை விட்டவுடன் துணி உறிஞ்சிக்கொண்டால் அது தயார். துளி மேலேயே நின்றால் மீண்டும் கொதிக்கவைக்க வேண்டும். சாயப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதையும், கையுறை அணிவதையும் இப்போதே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடுக்காய். சாயத்தை இழையோடு பிணைக்கும் படிகாரத்தைப் பருத்தி தானாக நன்றாகப் பற்றிக்கொள்ளாது. நடுவே துவர்ப்புச் சத்து வேண்டும். "கடுக்காய்க்கு அகணி நஞ்சு" என்று வைத்தியர்கள் கொட்டையை நீக்கச் சொல்வார்கள். துவர்ப்புச் சத்து சதைப்பகுதியில் இருப்பதால் சாயக்காரருக்கும் கொட்டை வேண்டியதில்லை. 100 கிராம் காய்ந்த துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடியை வெதுவெதுப்பான நீரில் கலந்து, துணியை ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து வெயிலில் உலர்த்துங்கள். மங்கிய மஞ்சள் ஏறியிருக்கும். பிறகு 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் இந்தத் துணியை ஊறவைத்து, பிழிந்து, உலர்த்தி, ஒரு நாள் அப்படியே விட்டு, சாயமிடுவதற்கு முன் லேசாக அலசுங்கள்.

படகுக்கும் ரயில் நிலையத்துக்கும் மஞ்சிட்டிச் சிவப்பைப் பரிந்துரைக்கிறேன். சோழமண்டலக் கரையின் பழைய சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. இன்று மருந்துக் கடையில் எளிதாகக் கிடைப்பது மஞ்சிட்டி. துணியின் எடைக்குச் சமமாக மஞ்சிட்டித் தூளை எடுத்து, ஓர் இரவு ஊறவைத்து, துணியைப் போட்டு மெல்லச் சூடேற்றி, 70 பாகை செல்சியஸ் அளவில் ஒரு மணி நேரம் வைத்திருங்கள். கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்புப் பக்கம் சாயும். சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீர் மஞ்சிட்டிக்கு உதவவே செய்யும், ஆனால் இரும்புச் சத்துள்ள ஆழ்குழாய் நீர் கடுக்காயோடு சேர்ந்து எல்லா நிறத்தையும் சாம்பலாக்கிவிடும். வாளியின் அடியில் செம்பழுப்பாகப் படியும் தண்ணீராக இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, மெட்ரோ வாட்டரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். மீனுக்கும் பம்புக்கும் இந்தச் சாம்பலை நாமே வரவழைக்கலாம்: மாதுளை ஓட்டை எடைக்குப் பாதியளவு கொதிக்கவைத்து வடித்த நீரில் துணியை மஞ்சளாக்கி, பிறகு 2 கிராம் அன்னபேதி கரைத்த நீரில் சில நிமிடங்கள் மட்டும் முக்கியெடுத்தால், வஞ்சிரத்தின் முதுகுபோன்ற பச்சை கலந்த சாம்பல் நிறம் கண்ணெதிரே ஏறும். அன்னபேதியைக் கூட்டினால் நிறம் இன்னும் கறுக்கும் என்பது உண்மை. இரும்பு அதிகமானால் பருத்தி நாளடைவில் நைந்துபோகும் என்பதும் உண்மை.

தரைக்கான நீலத்துக்கு அவுரித் தொட்டி வேண்டும். அவுரித் தூள் ஒரு பங்கு, நீற்றுச் சுண்ணாம்பு இரண்டு பங்கு, வெல்லம் மூன்று பங்கு என்ற கலவை வெந்நீரில் மெல்லத் தெளிந்து, மேலே செம்புநிற மினுமினுப்பும் கீழே மஞ்சள் கலந்த பச்சை நிறமும் காட்டும்போது தொட்டி தயார். இதற்குக் கடுக்காயும் படிகாரமும் தேவையில்லை. துணியை முக்கி எடுத்தவுடன் பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் நீலமாகும். அடர்த்தியான தொட்டியில் ஒரே முக்காக முக்காமல், நீர்த்த தொட்டியில் ஐந்தாறு முறை முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றில் விடுங்கள். அவுரி இழையோடு வேதிமுறையில் பிணைவதில்லை, இழைக்குள்ளும் மேலும் தங்குகிறது; மேலே தங்கியது விரல் உரசினால் கையோடு வந்துவிடும். நம் சித்திரத்தில் விரல் படும் இடங்களுக்கெல்லாம் மஞ்சிட்டியும் மாதுளையும், விரல் படாத தரைக்கு மட்டும் அவுரி என்று பிரித்திருப்பதற்கு இதுவே காரணம்.

மஞ்சளை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். அதைவிட முக்கியமாக, காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்வதைச் சலவை சோப்பு ஒட்டிய விரலும் செய்யும். பலர் தொட்டுப் பார்க்கப்போகும் ஒரு பொருளுக்கு அது ஆகாது.

அலசல்

கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த பகுதி வண்ணாரப்பேட்டை. அந்த ஊரிலிருந்துகொண்டு அலசலைப் பற்றி விரிவாக எழுதுவதில் தவறில்லை. சாயமேறிய துணியில் மிச்சப் படிகாரம், அன்னபேதி, சுண்ணாம்பு ஆகியவை இருக்கும். கடையில் விற்கும் ரியாக்டிவ் சாயத்தைப் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அந்த முறையில் லிட்டருக்கு 50 கிராம் அளவில் உப்பும் அதன் மேல் சோடாவும் சேர்க்கிறோம். இவை காற்றின் ஈரத்தில் கரைந்து, நூலிலிருந்து நூலுக்கு மெல்லிய மின்வழியாகிவிடும்.

போதுமான அளவு அலசியாயிற்றா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் நிறமற்றுத் தெளிந்த பிறகும் உப்பு இருக்கும். இதற்கு நம் வீடுகளில் ஆர்.ஓ. கருவிக்காக வாங்கிவைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரே போதும். ஒரு பாத்திரத்தில் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து அளந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அலசிய துணியை அதில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்துவிட்டு, அதே தண்ணீரை மீண்டும் அளந்து பாருங்கள். எண் முதலில் நூறு, இருநூறு என்று எகிறும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க, வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வரும். 10, 15-க்குள் வந்தால் நிறுத்தலாம். குழாய்த் தண்ணீரை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அதிலேயே பல நூறு இருப்பதால் மாற்றம் தெரியாது.

கடைசி அலசலுக்குப் பிறகு துணியை நிழலில் உலர்த்தி, அன்றே உள்ளே எடுத்துவிட வேண்டும். கடலோர மொட்டை மாடியில் இரவெல்லாம் தொங்கவிட்டால், பாடுபட்டு நீக்கிய உப்பைக் காற்றே மீண்டும் கொண்டுவந்து பூசிவிடும். இஸ்திரி போடலாம், கஞ்சி போடக் கூடாது.

நூல், சரிகை, தையல்

மின்கடத்தும் நூல்களில் வெள்ளி பூசிய நைலான் மென்மையானது, கடத்துதிறனும் அதிகம், ஆனால் நம் காற்றில் கறுத்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு நூல் சற்று முரடு. இருப்பினும் இங்கே அதுவே நிலைக்கும். வகையைப் பொறுத்து அதன் மின்தடை மீட்டருக்குச் சில பத்து ஓம் முதல் சில நூறு ஓம் வரை இருக்கலாம். விளக்கு எரிய வைப்பவர்களுக்கு இது தலைவலி. தொடு உணர்வுக்கோ சில ஆயிரம் ஓம் இருந்தாலும் பாதகமில்லை.

சரிகையைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு மல்டிமீட்டர்தான் பதில் சொல்ல வேண்டும். பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றிய அசல் சரிகை மின்சாரத்தைக் கடத்தும். செம்புக் கம்பியில் வெள்ளிப் பூச்சு ஏற்றிய வகை பெரும்பாலும் கடத்தும், ஆனால் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். பாலியெஸ்டர் படலத்தில் செய்த போலிச் சரிகை மேற்பூச்சின் காரணமாகப் பொதுவாகக் கடத்தாது. கிழிந்த பழைய காஞ்சிப் பட்டின் கரையொன்று பெட்டியில் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்துப் பாருங்கள். பீப் ஒலி வந்தால், நான்கு விரற்கடை துண்டை வெட்டி, சரிகை இழைகள் அனைத்தையும் குறுக்கே இணைக்குமாறு எஃகு நூலால் ஒரு வரிசை ஓட்டினால், அதுவே ஒரு முழு தொடுபரப்பு. படகின் பக்கவாட்டுக்கு அது பொருந்தும். எஃகு நூலால் தைத்த பூத்தையல் விசைப்பலகையைக் கொண்ட இசை ஜாக்கெட்டை எம்.ஐ.டி. மீடியா லேப் ஆய்வாளர்கள் 1990-களிலேயே செய்துகாட்டினார்கள், தைத்துப் பொருத்தும் லில்லிபேட் அர்டுயினோ பலகை 2007-இல் விற்பனைக்கு வந்தது. உலோகம் சுற்றிய இழையை நெசவில் சேர்ப்பது நம் பக்கத்தில் அதற்கெல்லாம் வெகு முந்தைய வழக்கம்.

தைப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. சாயமிட்ட துண்டுத் துணியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு எஃகு நூல் வரிசைகளை ஓட்டி, மல்டிமீட்டரை மிக உயர்ந்த ஓம் அளவில் வைத்து இரண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்ட வேண்டும். மழை பெய்யும் நாளில், ஜன்னலருகே ஒரு மணி நேரம் வைத்த பிறகும் அப்படியே காட்டினால் துணி தேறிவிட்டது. ஏதேனும் எண் தெரிந்தால் மீண்டும் அலசல்தான்.

தரைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, உருவங்களைச் சாக்பீஸால் வரைந்து, ஒவ்வோர் உருவத்துக்குள்ளும் எஃகு நூலால் முன்னும் பின்னும் ஓட்டுத் தையல் போடுங்கள். வரிசைகளுக்கிடையே 4 மில்லிமீட்டர் போதும். பரப்பு குறைந்தது உள்ளங்கையில் பாதியளவு இருக்கட்டும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள், எஃகு நூல் தானாகவே முறுக்கிக்கொண்டு சிக்காகும். சங்கிலித் தையல் ஓட்டுத் தையலைவிடப் பல மடங்கு நூலைத் தின்னும் என்பதால், அதை ஆரி ஊசியோடு வண்ண நூலுக்காக வைத்துக்கொள்ளுங்கள். பரப்பிலிருந்து ஒரே நூலை அறுக்காமல் துணியின் கீழ் விளிம்பு வரை வழித்தடமாக இறக்க வேண்டும். இந்த வழித்தடமும் தொடுதலை உணரும். நீளம் கூடக்கூட விரலால் வரும் மாற்றத்தின் விகிதமும் குறையும். ஆகவே தடங்கள் குறுகியவையாகவும், நேரானவையாகவும், ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளியோடும், ஒருபோதும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமலும் இருக்க வேண்டும். படகை மேல் மூலையில் வைக்க ஆசை வரும். ஒலி நன்றாக வர வேண்டிய உருவத்தைக் கீழே வைப்பதே புத்தி.

எஃகு நூலின் முடிச்சு தானே அவிழும். இறுக்கி முடிச்சிட்டு, ஒரு சொட்டு நிறமற்ற நகப்பூச்சை வைத்து, காய்ந்த பிறகு நுனியை ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் மயிரிழைபோல் ஓர் எஃகு இழை பிரிந்து பக்கத்துத் தடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். விளக்கை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

இப்போது சாயத்துணியை உருவத்தின் வடிவில் வெட்டி, விளிம்பை மடித்து, எஃகுத் தையலின் மேல் பொருத்தித் தையுங்கள். அதன் மேல் மீனுக்குச் செதில், படகுக்குக் கயிறு, பம்புக்குக் கைப்பிடி என்று பருத்தி நூலில் பூத்தையல். சாயமிட்ட அதே தொட்டிகளில் ஒரு கண்டு வெள்ளை நூலையும் போட்டு எடுத்திருந்தால் நிறம் இயல்பாகச் சேரும். வேலைப்பாட்டில் மேடு பள்ளம் இருப்பது நல்லது. கண் தெரியாதவரின் விரலும் செதிலையும் கயிற்றையும் பிரித்தறிய முடியும்.

பலகையும் ஒலியும்

விளிம்பில் ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் ஓர் உலோகப் பிரஸ் பட்டனின் ஒரு பாதியை வைத்து, எஃகு நூலை அதன் துளைகளில் ஐந்தாறு சுற்று இறுக்கித் தையுங்கள். மறுபாதியில் மெல்லிய ஒயரைச் சால்டர் செய்து பலகைக்குக் கொண்டுபோங்கள். எஃகு நூலில் ஈயம் எளிதில் ஒட்டாது என்பதற்கும், துவைக்கும்போது துணியை மட்டும் கழற்றுவதற்கும் இதுவே வழி.

பலகைக்கு, நிரலை ஏற்றி இயக்கும் சாதாரண இ.எஸ்.பி. 32 போதும். அதில் பத்து தொடுமுனைகள் உள்ளன. அவற்றில் 0, 2, 12, 15 ஆகியவை பலகை தொடங்கும் விதத்தைத் தீர்மானிப்பவை என்பதால், 4, 13, 14, 27 ஆகிய நான்கையும் பயன்படுத்துங்கள். ஒலிக்கு டி.எஃப். பிளேயர் மினி என்னும் சிறு கருவியும் 3 வாட் ஸ்பீக்கரும். பலகையின் 17-ஆம் முனையிலிருந்து கருவியின் உள்வாங்கும் முனைக்கு 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாகவும், கருவியின் வெளியனுப்பும் முனையிலிருந்து 16-க்கும் இணைத்து, இரண்டுக்கும் 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் பொதுவாக்குங்கள். மெமரி கார்டில் mp3 என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் ஒலிகள் 0001, 0002 என்ற வரிசையில் இருக்க வேண்டும்.

நிரலில் கவனிக்க வேண்டியது ஒன்றே. இந்தப் பலகையில் விரல் பட்டால் தொடு எண் குறையும், இ.எஸ்.பி. 32-இன் எஸ்2, எஸ்3 வகைகளில் கூடும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் 40, 30 என்று ஒரு நிலையான எல்லையை எழுதிவைத்திருக்கும். அது ஏப்ரலில் சரியாக இருந்தால் நவம்பரில் தவறும். அதற்கு மாறாக, தொடங்கும்போது ஒவ்வொரு முனையையும் ஐம்பது முறை படித்துச் சராசரியை அடிநிலையாக வைத்துக்கொண்டு, எண் அதன் முக்கால் பங்குக்குக் கீழே தொடர்ந்து மூன்று முறை இறங்கினால் மட்டுமே தொடுதல் என்று கொள்ளச் சொல்லுங்கள். யாரும் தொடாத நேரத்தில் அடிநிலையை மிக மெதுவாகப் புதிய எண்ணின் பக்கம் நகர்த்தினால், காலையின் ஈரமும் மதியத்தின் வறட்சியும் தாமாகவே சரிக்கட்டப்படும். ஒலித்துக்கொண்டிருக்கும்போது வரும் தொடுதலைப் புறக்கணிப்பது குழந்தைகள் கூடும் இடத்துக்கு அவசியம்.

மின்சாரத்துக்குத் தரமான 5 வோல்ட் போன் சார்ஜர் போதும். மலிவான சார்ஜரின் இரைச்சல் பொய்த் தொடுதலாகப் பதியும். பவர் பேங்கில் பூமியோடு மின்தொடர்பு (எர்த்) இல்லாததால் உணர்திறன் குறையும், போதாதற்குச் சில வகைகள் குறைந்த மின்சாரம் எடுக்கப்படுவதைக் கண்டு தாமாகவே அணைந்துவிடும்.

ஒலிகளைப் போனிலேயே பதிவு செய்யலாம். காசிமேட்டில் விடியலுக்கு முந்தைய ஏலக்குரலை எடுக்கிறீர்கள் என்றால் ஏலம் விடுபவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்; அவர் குரல் ஒரு சுவரில் நிரந்தரமாக இருக்கப்போகிறது. ராயபுரம் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டு, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம். இப்போது அங்கே கிடைப்பது மின்ரயிலின் ஒலிப்பானும் தண்டவாளத்தின் தடதடப்பும், அதுவே நன்றாக இருக்கிறது. எந்த ஒலியும் 15 விநாடியைத் தாண்ட வேண்டாம்.

சுவரில் மாட்டுதலும் பராமரிப்பும்

சித்திரத்தை மரச்சட்டத்தில் இழுத்து அடித்து, பின்புறம் ஒரு காடா உள்துணி கொடுத்து, சுவரிலிருந்து குறைந்தது இரண்டு விரல் தள்ளி நிற்குமாறு மூலைகளில் கட்டைகள் வையுங்கள். ஓதம் ஏறிய சுவரோடு ஒட்டினாலும், பீரோ, இரும்புக் கதவு போன்றவற்றின் மேல் மாட்டினாலும் மின்தேக்குத்திறன் எகிறி, விரலின் மாற்றம் அதில் தொலைந்துவிடும். மாட்டிய இடத்திலேயே பலகையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மேசையில் எடுத்த அடிநிலை சுவரில் செல்லாது.

ஓர் உருவம் மட்டும் தொடர்ந்து பொய்யாக ஒலித்தால் அதன் தடத்தில் பிரிந்த இழை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சேர்ந்து ஒலித்தால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். மழை நாளில் மட்டும் பக்கத்து உருவங்கள் சேர்ந்து ஒலித்தால் துணியில் உப்பு. விரல் அழுக்கு சேரும்போது பிரஸ் பட்டன்களைக் கழற்றி, துணியைச் சட்டத்திலிருந்து எடுத்து, பூந்திக்கொட்டை ஊறிய குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, டி.டி.எஸ். மீட்டர் சோதனையை மறுபடியும் செய்து, நிழலில் உலர்த்துங்கள். முழுதாகக் காய ஒரு நாள் கூடுதலாக விட்டு, இரண்டு தடங்களுக்கிடையே மல்டிமீட்டர் எண் எதுவும் காட்டவில்லை என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.